வாசகர் கேள்வி – பதில்: சொந்தக் கட்சிக்காரரிடம் தோற்ற தலைவர்

கேள்வி: என் தங்கை குடும்பம் வெர்ஜீனியாவில் இருக்கிறது. எரிக் கென்டர் என்ற பெருந்தலைவர் 2014இல் அங்கே தன் கட்சிக்காரரிடமே தோற்றார் என்கிறாள். அது எப்படி நடக்கும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நடந்தது, அம்மா. அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் யார் என்பதைப் பெரும்பாலும் தலைமைப்பீடம் தீர்மானிப்பதில்லை. பொதுத் தேர்தலுக்கு முன்னர் முதனிலைத் தேர்தல் வைத்து வாக்காளர்களே தெரிவு செய்கிறார்கள். வெர்ஜீனியாவில் கட்சிவாரியாகப் பதிவு செய்யும் முறையும் கிடையாது. பதிவு பெற்ற வாக்காளர் எவரும் போய் வாக்களிக்கலாம். 2014 ஜூன் 10ஆம் திகதி, 7ஆவது தொகுதியில் ஏறத்தாழ 65 ஆயிரம் பேர் போனார்கள். டேவ் பிராட் என்ற பொருளியல் பேராசிரியர் 55 வீதத்துக்கு மேல் பெற்று வென்றார்.

தோற்றவர் சாதாரண உறுப்பினர் அல்லர். குடியரசுக் கட்சிக்காரர்; பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், சபாநாயகர் ஜோன் பெய்னருக்கு அடுத்தவர். அடுத்த சபாநாயகர் இவரே என்று பரவலாகப் பேசப்பட்டு வந்தது. 1899இல் அந்தப் பதவி உண்டான நாள்முதல், அதில் இருந்துகொண்டே முதனிலைத் தேர்தலில் தோற்றவர் இவர் ஒருவர்தான்.

பணம் இல்லாமல் தோற்கவில்லை. கென்டர் தரப்பு 50 இலட்சம் டொலருக்கு மேல் செலவிட்டது. அதில் இறைச்சி உணவகங்களுக்கு மட்டும் 1 இலட்சத்து 68 ஆயிரம் டொலர். பிராட்டின் மொத்தச் செலவே ஏறத்தாழ 2 இலட்சம். கென்டரின் சொந்தக் கருத்துக்கணிப்பு அவர் 34 புள்ளிகள் முன்னால் நிற்பதாகச் சொன்னது. வாக்களிப்பு நாள் காலையில் அவர் வாஷிங்டனில் ஒரு கோப்பிக் கடையில் நிதி திரட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவருடைய தொகுதிப் பக்கத்து ரிச்மண்ட் நகரம், கொழும்பிலிருந்து மாத்தறை போகும் தூரம்தான்! தன் மக்கள் வாக்களிக்கும் காலையில் அவர்களுடைய ஊரில் இல்லாத ஒருவரை அவர்கள் வீட்டுக்கு அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் அதன் பின் நடந்ததில் இருக்கிறது. குடிவரவுச் சீர்திருத்தச் சட்டமூலத்தை 2013 ஜூனில் செனட் சபை 68க்கு 32 என்று நிறைவேற்றியிருந்தது. ஆவணமின்றி வாழும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் பேரின் வாழ்வு அதில் தொங்கியது. கென்டர் அதற்கு இணங்கிவிடுவார் என்று சொல்லியே பிராட் வாக்குச் சேகரித்தார். கென்டர் வீழ்ந்ததும் அவர் கட்சியின் மற்ற உறுப்பினர்கள் மிரண்டுபோனார்கள். அந்த ஆண்டு பிரதிநிதிகள் சபையில் அதற்கு வாக்கெடுப்பே இராது என்று அதே மாதத்தில் பெய்னர் ஜனாதிபதி ஒபாமாவிடம் சொல்லிவிட்டார். ஒரு தொகுதியின் தீர்ப்பு, நாட்டின் சட்டம் ஒன்றை மேசையிலேயே கிடத்திவிட்டது.

கேள்வி: அவர் விட்ட நாற்காலி யாருக்குப் போனது?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஒன்பதே நாளில், ஜூன் 19இல், கொறடாவாக இருந்த கெவின் மெக்கார்த்திக்கு. கொறடா பதவி ஸ்டீவ் ஸ்கலீஸுக்குப் போனது. மெக்கார்த்தி 2015இல் சபாநாயகர் போட்டியிலிருந்து விலகினார். 2023 ஜனவரியில் அதே பதவிக்கான வாக்கெடுப்பின் 15ஆவது சுற்றில் வென்றார். ஒக்டோபரில் தன் கட்சியினர் எட்டுப் பேர் எதிரணியுடன் சேர்ந்து வாக்களித்ததால் பதவி இழந்தார். பிராட் 2018 பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் அபிகெயில் ஸ்பான்பெர்கரிடம் தோற்றார்.

கேள்வி: அப்படியொரு முதனிலைத் தேர்தல் நமக்கும் தேவையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கட்டாயம் தேவை. மேலே சொன்ன தீங்கை அறிந்துதான் சொல்கிறேன்.

2024 பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். ஒரு கட்சி 21 பேரை நிறுத்தலாம். நாம் கட்சிக்கு வாக்களித்து, அந்த 21 பேருக்குள் மூவருக்கு விருப்பு வாக்கு இடலாம். அந்த 21 பேர் யார் என்பதில் நமக்கு எந்தப் பேச்சும் இல்லை. உங்கள் பகுதியிலேயே எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், மழைக்கு வடிகான் நிரம்பும்போதெல்லாம் மாநகர சபைக்கு மனு எழுதிக் கொடுத்து, கட்சிக்காகத் தெருத்தெருவாக நடந்தவர். வேட்புமனு கையளித்த அன்று பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தத் தெருக்களை மிதித்திராத வர்த்தகர் ஒருவரின் பெயர் இருந்தது. ஏன் என்று அவருக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

தமிழ்க் கட்சிகளுக்கு உள்வாக்கெடுப்பு ஒத்துவராது என்று சிலர் எழுதுகிறார்கள். 2024 ஜனவரியில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்களித்தே தெரிவு செய்தது: சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. பொதுச்சபை உறுப்பினர்கள் தலைவருக்கு அளித்த வாக்கு அது. வேட்பாளர் பட்டியலுக்கும் அதைச் செய்யலாம். மாவட்டக் கிளை உறுப்பினர்கள் வேட்புமனுவுக்கு முன் வாக்களிக்கட்டும், ஒவ்வொருவரும் பெற்ற எண்ணிக்கையைக் கட்சி வெளியிடட்டும், அதன் பிறகு செயலாளர் கையெழுத்திடட்டும். இதற்குப் பாராளுமன்றம் புதுச்சட்டம் இயற்ற வேண்டியதில்லை. கட்சி யாப்பைத் திருத்தினால் போதும்.