வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 72 வயது. திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்தபோது தலைமை ஆசிரியர், "சம்பளம் வாங்குன அன்னைக்கே தபால் ஆபீஸ்ல ஆர்.டி. கட்டிடுங்க" என்றார். கேட்டேன். அந்தப் பணத்தில்தான் மனை வாங்கி வீடு கட்டினேன். 1995-இல் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 24 சதவீத வட்டிக்கு 80,000 ரூபாய் போடப் போனபோது, "பேங்க் குடுக்க முடியாத வட்டிய இவன் எங்கேருந்து குடுப்பான்?" என்று மனைவி தடுத்தாள். கேட்கவில்லை, பணம் போயிற்று. ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. இப்போது மகன், வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதச் சொல்கிறான். நண்பர் ஒருவர், கூட்டுறவு நகர வங்கியில் உள்ள என் 22 லட்சத்தை எடுத்து, மாதம் ஒன்றரை வட்டி தரும் இடத்தில் போடச் சொல்கிறார். ஒரு மகளும் உண்டு. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஐயா, நண்பர் சொன்னதற்கான பதிலை உங்கள் மனைவி 1995-லேயே சொல்லிவிட்டார். ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். வேண்டவே வேண்டாம். அன்றைக்கு ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் பணத்தை இழந்த பிறகுதான், முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-இல் தனிச் சட்டமே வந்தது. அந்த ரசீதைப் பார்த்து இன்னும் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

அதற்காக 22 லட்சமும் ஒரே வங்கியில் இருப்பது சரியில்லை. வங்கிக்கு ஏதாவது ஆனால், காப்பீட்டில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் கிடைக்கும். அவசரத்துக்கு 4 லட்சத்தை அங்கேயே விடுங்கள். மீதி 18 லட்சத்தைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், மனைவியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகப் போடுங்கள். 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம், நீங்கள் சேரும்போது உள்ள விகிதம் 5 வருடத்துக்கு மாறாது. இந்தக் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36,900 ரூபாய் வரும்.

வீட்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். மகன் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னால் பத்திர வேலை இழுத்தடிக்கும் என்ற கவலையாகவே இருக்கலாம். ஆனால் செட்டில்மென்ட் பதிவானால், மனசு மாறினாலும் நீங்களாக ரத்து செய்ய முடியாது. வீடு அன்றைக்கே அவருடையதாகிவிடும். நாளைக்கு அவர் அதை அடமானம் வைத்தால், உங்கள் மனைவி எங்கே போவார்?

உயில் அப்படியல்ல. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிந்துவிடுங்கள், பின்னால் சண்டை குறையும். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மனைவி இருக்கும்வரை வீட்டை அவர் அனுபவிக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பிள்ளைகளின் பங்கு அதற்கு அப்புறம். சுயமாகச் சம்பாதித்த வீடு என்பதால் யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் விருப்பம்தான். ஆனால் மகள் இதுவரை எதுவும் கேட்கவில்லை என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் யோசித்த பிறகும் செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால், நீங்களும் மனைவியும் ஆயுள் உள்ளவரை அங்கே குடியிருக்கும் உரிமையையும், மகன் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து அவர் கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

எதை எழுதினாலும், கையெழுத்துப் போடும் முன் வரைவை உங்கள் மனைவியிடம் முழுசாகப் படித்துக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.