கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும்

திருகோணமலையில் ஒரு திருச்சபையின் மூத்தவர்களும் இளையவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகத் தன் வீட்டைத் திறந்து வைத்திருக்கும் உப்புவெளி ஓய்வுநிலை ஆசிரியை.

ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கைகொடுத்துவிட்டு விலகிவிடுகிறேன், டீச்சர். அவர்களோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. (68 வயது, பாலையூற்று)

பேச்சை விடுங்கள் ஐயா, வேலையில் தொடங்குங்கள். எதிரே உட்காரவைத்து "சொல்லு பார்ப்போம்" என்றால் எந்தப் பிள்ளைக்கும் பரீட்சை மண்டபம்தான் நினைவுக்கு வரும். தேங்காய் திருவக் கொடுங்கள். நீங்கள் சூடை மீன் துப்புரவாக்கும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லாதபோது மனதில் கிடப்பது மெல்ல வெளியே வரும்.

யோவான் 21ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். இரவெல்லாம் வலைபோட்டு ஒன்றும் அகப்படாமல், விடிந்தபின் ஆண்டவர் சொன்னபடி வலைபோட்டு மீனோடு கரைக்கு வந்தவர்களுக்கு, அவர் கரிநெருப்பில் மீன் வைத்திருந்தார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவும் அங்கே இருந்தான். அவனிடம் கேட்கவேண்டியதை அவன் சாப்பிட்ட பிறகே கேட்டார். நிலாவெளியில் கரைவலை இழுத்தவர்களுக்கு அந்தப் பசி விளங்கும்.

என்னுடைய ஓய்வூதியத்தில் விருந்து வைக்க முடியாதே?

பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் போதும். கேக் வாங்கி வைத்தால் பிள்ளை விருந்தாளியாகிவிடும். விருந்தாளி நெடுநேரம் இருக்கமாட்டார். கிழமையும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். புதன்கிழமை டியூஷன் முடிந்து வந்தால் உங்கள் கதவு திறந்திருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பது பெரிய காரியம்.

வந்தாலும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பறிக்காதீர்கள். வெளிநாட்டிலுள்ள பேரனுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவது எப்படி என்று அவனிடமே கேளுங்கள். உங்களுக்கும் தன் உதவி தேவை என்று அவன் உணரட்டும்.

அன்ரி, பெரியவர்கள் கூப்பிட்டாலே புத்தி சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது. (16 வயது)

அந்தப் பயத்துக்கு நாங்கள்தான் காரணம், மகள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தான். அவன் தேநீர் குடித்து முடிக்குமுன்பே, என் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். அதன்பின் நான்கு மாதம் அவன் வரவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வயதில் சிறியவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை, ஆனாலும் கேட்டேன். அடுத்த கிழமை பயற்றங்கொடிக்குப் பந்தல் கட்ட வந்தான். கணிதத்தைப் பற்றி அவனாகப் பேசும்வரை நான் வாய் திறக்கவில்லை. நீயும் ஒருநாள் வா. புத்தி சொல்லத் தொடங்கினால் என்னை நிறுத்து.

பெற்றோர் சந்தேகப்படமாட்டார்களா?

கேட்பது அவர்கள் உரிமை. முதலில் அவர்களோடு பேசுங்கள், அவர்களையும் ஒருநாள் அழையுங்கள். பிள்ளை வரும் நேரம் வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கவேண்டும், முன்கதவு திறந்திருக்கவேண்டும். இரகசியப் பரிசுகள் வேண்டாம். தனக்கு யாரோ தீங்கு செய்வதாகப் பிள்ளை சொன்னால், "ஒருவரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். திருச்சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது பாவம்.

போரையும் சுனாமியையும் பற்றிச் சொன்னால் கேட்பார்களா?

இன்று பதினைந்து வயதுப் பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்தது. முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் அதற்குப் பாரமாகிவிடும். 2004 டிசம்பர் 26 காலையில் நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய ஒரு பொருள் இருக்குமல்லவா? அது ஒரு சட்டியாக இருந்து, இன்னும் உங்கள் அடுப்படியில் கிடந்தால், அதிலேயே சொதி வைத்துக் கொடுங்கள். விளிம்பு ஏன் நெளிந்திருக்கிறது என்று பிள்ளையே கேட்கும்.