ரெச்சிட் (wretched) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

பார்ப்பவர் மனம் இரங்கும் அளவுக்குப் பரிதாபமான, அவல நிலையில் இருப்பதுதான் ரெச்சிட். வெறும் சோகத்தைவிடக் கனமான சொல் இது.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய ஆங்கிலத்தில் வ்ரெச்சா என்றால் நாடு கடத்தப்பட்டவன். அன்று இனமும் தலைவனும்தான் ஒருவனுக்குப் பாதுகாப்பு. விரட்டப்பட்டவனுக்கு அடிபட்டாலும் கேட்க ஆளில்லை. அதனால் 'துரத்தப்பட்டவன்' என்பதே 'பரிதாபத்துக்குரியவன்' என்று ஆகிவிட்டது. 1200 வாக்கில் அதிலிருந்து ரெச்சிட் பிறந்தது. நம் 'நாதியற்ற' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். காக்க ஆளில்லை என்பதுதான் நேர்ப்பொருள். ஆனால் கேட்டவுடன் மனதில் எழுவது பரிதாபம். இதே வேர் ஜெர்மன் மொழியில் ரெக்கெ ஆகி, வீரன் என்று பொருள் தருகிறது! தனியே அலைந்தவனை ஒரு மொழி பாவம் என்றது, இன்னொன்று வீரன் என்றது.

சரி, பயன்பாடு. மோசமான வாழ்நிலை, உடல்நலமில்லாத நாள், குற்ற உணர்வு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எரிச்சலில் 'இந்தப் பாழாய்ப்போன கதவு' என்போமே, அந்த இடத்திலும் வரும்.

கடைசியில் 'எட்' இருப்பதால் இதை இறந்தகால வினை என்று பலர் நினைத்து, 'ரெச்ட்' என்று ஒரே அசையாகச் சொல்கிறார்கள். இது பெயரடை, நேக்கிட், விக்கிட் போல இரண்டு அசையாக ரெச்சிட் என்றே சொல்ல வேண்டும், முதலில் உள்ள டபிள்யூ ஒலிக்காது.