வந்து வந்து போகும் குளிர்ச்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய கார் ஏழு ஆண்டுகள் ஓடியது. ஏ.சி.யைப் போட்டதும் முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. அதன் பிறகு குளிர்ச்சி குறைந்துகொண்டே போய் வெறும் காற்றாகிவிடுகிறது. வண்டியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் மீண்டும் குளிர்கிறது. பணிமனைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு முறை கேஸ் நிரப்பியாயிற்று. ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நன்றாக இருந்து, பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. மூன்றாம் முறையும் நிரப்பிப் பார்க்கலாமா?

பதில்: காரணம் தெரியாமல் நிரப்ப வேண்டாம். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிபொருளைப் போலச் செலவாகும் பொருள் அன்று; மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசரின் அச்சு சீல் வழியாகவும் மிக மெதுவாகச் சிறிதளவு கசிவது இயல்புதான் என்றாலும், ஓராண்டில் இரண்டு முறை நிரப்பும்படி குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது கேஸ் குறையவே இல்லாமல் வேறொரு பழுதுக்குக் கேஸ் பழி சுமந்திருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு செய்தியில்தான் பாதி விடை இருக்கிறது. குளிர்ச்சி போகும்போது காற்றின் வேகமும் குறைகிறதா, அல்லது காற்று அதே வேகத்தில் வந்துகொண்டிருக்க அதன் குளிர்ச்சி மட்டும் போகிறதா? விட்டுவிட்டு வரும் பழுதை, அது இல்லாத நேரத்தில் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் கண்டுபிடிக்க முடியாது. பழுது கண்முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் வண்டியில் இருப்பவர் நீங்கள் மட்டுமே. ஆகவே சோதனையின் முதல் பகுதி உங்களுடையது.

காற்றின் வேகம் குறைகிறது என்றால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் பனி படிகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். காற்றிலிருக்கும் ஈரம் காயிலின் தகடுகளில் உறைந்து, இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. புளோயர் முழு வேகத்தில் இரைந்தாலும் காற்று வெளியே வர வழியில்லை. அப்போது ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓட விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் காற்றின் வேகம் திரும்பி, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் சொட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்த ஃபில்டர் ஒன்றே இதற்குப் போதுமான காரணம். அது சுத்தமாக இருந்தால், காயிலின் தகடுகளுக்கிடையே செருகப்பட்டிருக்கும் தெர்மிஸ்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். காயிலின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது, பெரும்பாலும் 1 முதல் 3 டிகிரி செல்சியசுக்குள், கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி அறிவிப்பது அதன் வேலை. அது தவறான அளவைக் காட்டினாலோ, செருகிய இடத்திலிருந்து நழுவியிருந்தாலோ, கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் காயிலை உறைய வைக்கும். நான் தொழில் பழகிய நாட்களில் ஒரு வண்டிக்கு இரண்டு முறை தெர்மிஸ்டரை மாற்றிய பிறகுதான், அதன் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்ததைக் கவனித்தேன். அன்று முதல் எந்த உதிரிப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் அதற்கு வரும் ஒயரையும் கனெக்டரையும் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கேஸ் ஓரளவு குறைந்திருந்தாலும் காயிலின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறிக் குளிர்ந்து உறைவதுண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

காற்று அதே வேகத்தில் வருகிறது, குளிர்ச்சி மட்டும் போய்விடுகிறது என்றால், பானெட்டைத் திறந்து கம்ப்ரசரின் முன்பக்கத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட் மாட்டிய வெளிச் சக்கரம் எப்போதும் சுற்றும். அதன் நடுவிலுள்ள தட்டு, கம்ப்ரசரைச் சக்கரத்தோடு இணைக்கும் மின்காந்தக் கிளட்ச் பிடித்திருக்கும்போது மட்டும் கூடவே சுற்றும். தளர்ந்த ஆடையோ கையோ பெல்ட்டை நெருங்காமல், எட்ட நின்று பார்த்தாலே போதும். தட்டு சுற்றவில்லை என்றால் பழுது மின் இணைப்பிலோ, பிரஷர் சுவிட்சிலோ, கிளட்சிலோ இருக்கிறது. அடுத்த கேள்விக்கான பதிலில் அதை விரிவாகச் சொல்கிறேன். தட்டு சுற்றியும் குளிர்ச்சி இல்லை என்றால், குழாய்களுக்குள் ஈரம் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். கேஸைக் கூலிங் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளை மிகச் சிறியது; கேஸோடு சுற்றும் ஒரு துளி நீர் அங்கே வந்து உறைந்தால் வழி அடைபட்டுவிடும். வண்டியை நிறுத்தினால் பனி உருகி வழி திறக்கும். மீண்டும் ஓட்டினால் மீண்டும் அடைக்கும். அடைபட்டிருக்கும் வேளையில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தினால், தாழ்ந்த அழுத்தப் பக்கத்தின் முள் பூச்சியத்துக்கும் கீழே இறங்குவதைக் காணலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்த ஈரம்தான். கேஸ் நிரப்பிய பின் சில வாரங்கள் நன்றாக ஓடியது என்கிறீர்கள். நிரப்புவதற்கு முன் வேக்கம் போட்டபோது, அதாவது குழாய்களுக்குள் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்கியபோது, ஈரத்தில் ஒரு பகுதி வெளியேறியிருக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சிவைக்கும் டிரையர் ஏற்கெனவே நிறைந்துபோயிருந்தால், எஞ்சியது சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டும். தண்ணீர் 30 டிகிரியில் கொதித்து ஆவியாக வேண்டுமானால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 42 மில்லிபாருக்குக் கீழே இறங்கி, அந்த நிலையிலேயே நீடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேக்கம் இதற்குப் போதாது. புதிய டிரையரைப் பொருத்தி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை பம்பை ஓட விட வேண்டும். அதன் பிறகு பம்பை நிறுத்தி, முள் மேலே ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தால் பெரிய கசிவு இருப்பதும் தெரிந்துவிடும். சிறு கசிவுக்கு நைட்ரஜன் அழுத்தச் சோதனையோ, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமோ வேண்டும். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை படிந்த இடம் பெரும்பாலும் கசியும் இடமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேஜை மாட்டி, ‘அழுத்தம் சரியாக இருக்கிறது, கேஸ் முழுதாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஆர்134ஏ கேஸ் 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே சிறிதளவாவது திரவமாக இருக்கும் வரை, ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும், முழுதாக இருந்தாலும் பாதியாக இருந்தாலும் அதே எண்தான். கேஸ் எவ்வளவு என்பது எடைக் கணக்கு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதைக் கருவியால் மீட்டெடுத்து எடை பார்த்து, அதே அளவை மீண்டும் நிரப்புவதே சரியான முறை.

கேள்வி: எனக்கும் ஏறக்குறைய இதே குறை. நானே உற்றுப் பார்த்தபோது, குளிர்ச்சி போகும் நேரத்தில் கம்ப்ரசரின் நடுத்தட்டு சுற்றாமல் நிற்கிறது. ரிலேயை மாற்றினோம், பயனில்லை. தட்டு நிற்கும்போதும் கிளட்ச் ஒயரில் 13 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. முழுக் கம்ப்ரசரையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: பழுது நிகழும்போதே வோல்ட்டை அளந்திருக்கிறீர்கள், இந்த வகைப் பழுதில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை. மின்சாரம் கிளட்ச் வரை வந்துவிட்டது என்பதால், ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், தெர்மிஸ்டர் ஆகிய அனைத்தும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன என்று கொள்ளலாம். எஞ்சியிருப்பவை கிளட்சின் எர்த் இணைப்பும், அதன் காந்தக் காயிலும், தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியும்தான். எர்த் ஒயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து, அங்கே வோல்ட் ஏதும் வீணாகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த இடைவெளிக்கு வாருங்கள்.

கிளட்ச் பிடிக்காத நிலையில் தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே, பெரும்பாலான வண்டிகளில், 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் இரு முகங்களும் உரசித் தேய்வதால், ஆண்டுகள் போகப் போக அது விரியும். காந்தத்தின் இழுவிசை இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இடைவெளி இரட்டிப்பானால் இழுவிசை ஏறத்தாழ கால் பங்காகிவிடும். இதோடு வெப்பமும் சேர்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடும். காயில் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாகும்போது தடை ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறி, அதற்கேற்ப மின்னோட்டம் குறைந்து, இழுவிசை தொடக்கத்தில் இருந்ததில் அறுபது விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் பிடித்த கிளட்ச், சூடேறிய பிறகு பிடிக்காமல் போவதற்கு இதுவே காரணம். ஒருமுறை ஒட்டிவிட்டால் இடைவெளியே இல்லாததால் எவ்வளவு சூட்டிலும் அது விடாது. கூலிங் காயில் போதுமான அளவு குளிர்ந்து தெர்மிஸ்டர் கம்ப்ரசரை ஒருமுறை நிறுத்தி, மீண்டும் பிடிக்க வேண்டிய கணத்தில்தான் தோற்கிறது. அதனால்தான் இந்தப் பழுது ஒருநாள் இருபது நிமிடத்திலும், மறுநாள் ஒரு மணி நேரத்திலும் வருகிறது.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் மூன்று இடங்களில் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். கூடுதலாக இருந்தால், நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்து, அச்சின் மேலிருக்கும் மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை நீக்கிவிட்டு மீண்டும் பூட்டலாம். இடைவெளி குறிப்பிட்ட அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது. தட்டு எப்போதும் உரசிக்கொண்டே இருந்து கருகிவிடும். ஷிம் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் இடைவெளி மிஞ்சினாலோ, தட்டின் முகம் நீலம் பாரித்துப் பள்ளம் விழுந்திருந்தாலோ, கிளட்ச் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும். கிளட்ச், கம்ப்ரசரின் சீலுக்கு வெளியே இருப்பது. ஆகவே இந்த வேலைக்குக் கேஸை இறக்க வேண்டிய தேவைகூட இல்லை. காயில் சூடாக இருக்கும்போது அதன் தடையையும் அளக்க வேண்டும்: குளிர்ந்தபோது 3 முதல் 5 ஓம் காட்டிய காயில், சூட்டில் இணைப்பே இல்லாததுபோல் காட்டினால், உள்ளே கம்பி விட்டுவிட்டுத் தொடர்பறுகிறது, அல்லது சில கம்ப்ரசர்களில் உள்ள வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் திறந்துகொள்கிறது.

கம்ப்ரசரையே மாற்ற வேண்டிய நிலையை வேறு விதமாக அறியலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது நடுத்தட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சிறிய தடையோடு சீராகச் சுற்றினால் உள்ளே நலம். இறுகிக் கிடந்தாலோ, கரகரவென்று உரசினாலோ மெக்கானிக் சொல்வது சரி. புதிய வண்டிகள் சிலவற்றில் கிளட்சே இல்லாமல், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டு வால்வால் அளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர் இருக்கிறது. மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: வண்டி ஓடும்போது குளிர்கிறது, நெரிசலில் நின்றால் குளிர்ச்சி போய்விடுகிறது. மீண்டும் நகர்ந்தால் திரும்புகிறது. இது கேஸ் குறைவா?

பதில்: கேஸ் குறைவு என்று எடுத்துக்கொள்வதற்கு முன், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் அதன் மின்விசிறியையும் பாருங்கள். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்ற வண்டியில் அந்த வேலை முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது. விசிறி ஓடவில்லை என்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 28 முதல் 32 பார் அளவில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அது பாதுகாப்புக்காகச் செய்வது. அந்த சுவிட்சை ஒயரால் இணைத்து ஏமாற்ற ஒருபோதும் இடங்கொடுக்காதீர்கள், குழாய் வெடிக்கக்கூடும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி நின்ற நிலையில் குளிர்ச்சி போனதும், முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்சரின் மேல் தண்ணீரை மென்மையாகத் தெளியுங்கள். ஓரிரு நிமிடங்களில் குளிர்ச்சி திரும்பினால், சூட்டை வெளியேற்றுவதில்தான் குறை என்பது உறுதி. விசிறி ஓடியும் அப்படி ஆனால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தூசியும் பூச்சிகளும் சேர்ந்து அடைத்திருக்கலாம். முன்னிருந்து பார்த்தால் அது தெரியாது. அளவுக்கு மீறிக் கேஸ் நிரப்பியிருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும் என்பதால், அண்மையில் நிரப்பியிருந்தால் எடையைச் சரிபாருங்கள். விசிறி மோட்டாரின் கரி தேய்ந்திருந்தால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ஓடாத விசிறியைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டாம். எஞ்சின் அணைந்த பிறகும் அது திடீரென்று சுற்றத் தொடங்கும்.

கேள்வி: ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் சில நொடிகள் ஏ.சி. நின்று வருகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. முழு வேகம் கேட்கும்போது எஞ்சினின் சுமையைக் குறைப்பதற்காகக் கட்டுப்பாட்டுக் கணினி கம்ப்ரசரைச் சில நொடிகள் விடுவிக்கிறது. ஆனால் ஏற்றம் முடிந்த பிறகும் பல நிமிடங்கள் குளிர்ச்சி வராமல், வெப்பமானியின் முள்ளும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், எஞ்சின் சூடேறுவதால் கணினி ஏ.சி.யை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஆறவிடுங்கள். நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.