வடகிழக்கு மாநிலத்து ஆளுங்கள "சைனாக்காரன்"னு கூப்பிடறது சும்மா கிண்டல்தானே, இதுல என்ன இனவெறி?

கூப்பிடறவங்களுக்குக் கிண்டல்தான். மணிப்பூர்ல பொறந்து சென்னைல ஹோட்டல்லயோ பார்லர்லயோ வேலை பாக்குறவங்ககிட்ட தினம் யாராவது "நீ இந்தியாவா?"ன்னு கேட்டா எப்படி இருக்கும், டெல்லில நம்மள மொத்தமா "மதராசி"ன்னா மட்டும் நமக்கு சுருக்குன்னு ஏறுதுல்ல!

2014 ஜனவரில டெல்லி லஜ்பத் நகர்ல அருணாச்சல் மாணவர் நிடோ தானியாவோட தலைமுடியைக் கிண்டல் பண்ணதுலதான் தகராறே ஆரம்பிச்சுது, அடி வாங்குனவரு மறுநாள் இறந்துட்டாரு, அதுக்கப்புறம்தான் வடகிழக்கு ஆளுங்க மத்த ஊர்ல படுற பிரச்சனைய ஆராய மத்திய அரசு பெஸ்பருவா கமிட்டியப் போட்டுச்சு. இதுவும் கிண்டல்ல ஆரம்பிச்சதுதான்.

2020ல பாருங்க, அதே முகங்களப் பாத்து ரோட்டுல "கொரோனா"ன்னு கத்துனாங்க (சாயங்காலம் மோமோ மட்டும் வேணும்), சில ஊர்ல வாடகை வீட்டையே காலி பண்ணச் சொன்னாங்க.