பட்டறைப் பக்கம்: வாட்டர் பம்ப் சொட்டுகிறது, சீசன் முடியும்வரை ஓட்டலாமா?

கேள்வி (வாசகர், கோத்தகிரி): ஐயா, வணக்கம். டீசல் பிக்கப் வைத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், பீட்ரூட் இறக்குகிறேன். திரும்பும்போது அரிசி, மளிகை என்று எது கிடைத்தாலும் ஏற்றி வருவேன். கொஞ்ச நாளாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. காலையில் பார்த்தால் வண்டியின் முன்பக்கம் தரையில் ஈரம். லோடோடு மலை ஏறும்போது டெம்பரேச்சர் ஊசி பாதியைத் தாண்டுகிறது, சமதளத்தில் இறங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் வாட்டர் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், பம்ப்பில் தண்ணீர் வருகிற ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் சீசன் முடியும்வரை ஓடும் என்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தம்பி. உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அதுதான்.

பம்ப்பின் உடம்பில், புல்லிக்கும் இன்ஜினுக்கும் நடுவே, அடிப்பக்கமாகப் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் கம்பெனியிலேயே வேண்டுமென்று வைக்கிறார்கள். பம்ப்புக்குள் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், மறுமுனையில் புல்லி, நடுவில் பேரிங். தண்ணீர் பேரிங் பக்கம் வராமல் தடுக்க ஒரு சீல். அதில் ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் முகத்தோடு முகம் உரசி நிற்கும். இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் இந்த உரசல் நடக்கிறது. அந்த முகம் தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ தண்ணீர் கசியத் தொடங்கும். கசிந்த தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும் என்பதற்காகத்தான் அந்தத் துளை.

அதை அடைத்தால் என்ன ஆகும்? கசிவு நிற்காது, திசைதான் மாறும். தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் முதலில் ஊளையிடும், அப்புறம் கடகடக்கும், ஷாஃப்ட் ஆடும். பிக்கப் வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டர் விசிறி இந்தப் பம்ப்பின் முகத்திலேயே மாட்டியிருக்கும். ஆடுகிற விசிறி முன்னால் இருக்கும் ரேடியேட்டரைக் கிழித்தால் செலவு பம்ப்போடு நிற்காது.

செலவை விட எனக்குப் பெரிய பயம் வேறு. பம்ப்பைச் சுற்றும் பெல்ட்தான் பெரும்பாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. டீசல் வண்டிகளில், பிரேக்கை இலேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் தருகிற சிறிய பம்ப், பல மாடல்களில் அந்த ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். வாட்டர் பம்ப் பேரிங் இறுகி பெல்ட் அறுந்துபோனால் சார்ஜ் மட்டும் நிற்பதில்லை. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். நீங்கள் லோடோடு இறங்குவது கொண்டை ஊசி வளைவுகளில். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பம்ப்தானா என்று நீங்களே பார்த்துவிடலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு, இன்ஜினை நிறுத்தி சாவியை எடுத்துவிட்டு, விசிறியின் எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் பேரிங் போயிருக்கலாம். துளைக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் காய்ந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்தது போல ஒட்டியிருக்கும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு இரவு ஓர் அட்டையைக் கீழே விரித்து வையுங்கள். ஹோஸ் கிளிப்பிலிருந்து வழிகிறதா, பம்ப்பிலிருந்து சொட்டுகிறதா என்று காலையில் தெரிந்துவிடும்.

மலையில் மட்டும் சூடேறுவதற்கு, சூட்டுக்கு ஏற்ப விசிறியைப் பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கிளட்சும் காரணமாக இருக்கலாம். இரண்டாம் கியரில் லோடை இழுக்கும்போது எதிர்க்காற்று வராது, விசிறி இழுக்கும் காற்றுதான் எல்லாம். சூடான வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓய்ந்த பிறகு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் காற்றாடி போலச் சுற்றினால், அல்லது கிளட்ச் நடுவில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தால், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

உங்கள் ஊர் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் அந்தக் கொதிநிலையை மேலே தள்ளுகிறது. 0.9 பார் மூடி ஏறக்குறைய 20 டிகிரி உயர்த்தும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 20 டிகிரியும் போச்சு. பம்ப் மாற்றும்போது மூடியையும் அதே பார் எண் பார்த்து மாற்றுங்கள். விலை மிகக் குறைவு.

இப்போது வேலை. கை பழகிய மெக்கானிக்குக் காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் முடிகிற வேலைதான். கூடவே நின்று பாருங்கள்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கீழ் ஹோஸைக் கழற்றி கூலன்ட்டை ஒரு பேசினில் பிடிக்க வேண்டும். சாலையில் விடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. அடுத்தது விசிறியும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக் கூண்டும். விஸ்கஸ் விசிறியைப் பிடித்திருக்கும் பெரிய நட் சில வண்டிகளில் இடது மரை. எந்தப் பக்கம் என்று தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருப்பினால் மரை போய்விடும். கழற்றிய விஸ்கஸ் விசிறியைப் படுக்கப் போடக் கூடாது. வண்டியில் இருந்தபடியே நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெய் கசியாமல் இருக்க அதுதான் வழி.

பம்ப் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஓர் அட்டையில் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்த போல்ட் இருந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் இன்ஜின் பிளாக்கில் மரை பிய்யும், அல்லது பம்ப் இறுகாமலே இறுகிய மாதிரி தெரியும்.

வேலையின் உயிர் இருப்பது, பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதில்தான். அவசரக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். துளி காகிதம் ஒட்டியிருந்தாலும் புது பம்ப் ஒழுகும். பிளாக் முகம் அலுமினியம் என்றால் ஸ்குரூ டிரைவரால் கீறக் கூடாது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, பொறுமையாக, விரல் ஓட்டினால் வழுக்குகிற வரை சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே துணியைத் திணித்து வைத்தால் தூள் விழாது, முடிந்ததும் துணியை எடுக்க மறக்கக் கூடாது. காகிதப் பேக்கிங்குக்கு ஷெல்லாக்கோ பேஸ்ட்டோ மெல்லிசாகத் தடவினால் போதும். வெண்ணெய் மாதிரி அப்பினால் பிதுங்கிய பேஸ்ட் உள்ளே பிய்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். 8 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் காற்று வெளியேறும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஐடிலில் ஓட விடுங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியில் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். புது சீல் படியும் வரை முதலில் ஒன்றிரண்டு சொட்டு வருவது உண்டு. அதற்கு மேலும் தொடர்ந்தால் பம்ப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (வாசகி, உடுமலைப்பேட்டை): ஐயா, என் வீட்டுக்காரர் பிக்கப்பில் தக்காளி ஏற்றுகிறார். வாட்டர் பம்ப் போய்விட்டது என்று பட்டறையில் விட்டோம். பம்ப்போடு பெல்ட், இரண்டு ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் சேர்த்து பில் போட்டிருக்கிறார்கள். கணக்கு எழுதுவது நான்தான். பம்ப் மட்டும் போதாதா? கடைக்காரர் ஒருவர் கிட் போட்டால் இன்னும் மலிவு என்கிறார்.

பதில்: பெல்ட்டும் கூலன்ட்டும் நியாயமான செலவு, அம்மா. பம்ப்பைக் கழற்ற பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும், கூலன்ட்டை வடித்தே ஆக வேண்டும். கூலி ஒன்றுதான், பொருள் விலை மட்டும் கூடுகிறது. பழைய பெல்ட்டை, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கே வெடிப்பு இருந்தால் மாற்றியே தீர வேண்டும். இல்லையென்றால் அதையே போடலாம். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ரப்பர் வளைந்து கொடுத்தால் இன்னும் ஓடும். முனைகள் ஊதியிருந்தாலோ, அமுக்கும்போது மொறுமொறு என்றாலோ ஆயுசு முடிந்தது. தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால் தெரியும். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில், பெரும்பாலும் 82 வாக்கில், திறக்கத் தொடங்கும். திறந்தால் நல்லது.

கிட் என்பது பழைய உடம்புக்குள் புது பேரிங், சீல், ஷாஃப்ட் போடுவது. பிரஸ் வைத்து நேராக இறக்கத் தெரிந்த லேத் பட்டறை பக்கத்தில் இருந்து, பம்ப்பின் உடம்பு வார்ப்பிரும்பாக அரிப்பில்லாமல் இருந்தால் நான் கிட்டுக்கு எதிரி இல்லை. சுத்தியலால் தட்டி இறக்குகிற இடம் என்றால் வேண்டாம். சீல் முகம் அடி தாங்காது. தினமும் லோடு எடுக்கும் வண்டிக்கு முழு அசெம்பிளியே என் கருத்து. தக்காளி வழியில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கழற்றிய பழைய பம்ப்பைக் கையில் கேட்டு வாங்குங்கள். புல்லியைச் சுற்றிப் பாருங்கள், அசைத்துப் பாருங்கள். சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் பில் சரி. எதுவுமே இல்லாமல் வழவழவென்று சுற்றி, துளையடியிலும் ஈரத்தடம் இல்லையென்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (வாசகர், வேலூர்): எங்கள் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று பம்ப் மாற்றும்போதே எடுத்துவிட்டார்கள். சரிதானா?

பதில்: தவறு. திரும்பப் போடுங்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே இன்னொரு வேலையும் செய்கிறது. ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அது மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலே திரும்பித் திரும்பி வரும். மே மாதத்தில் லோடோடு போகும்போது வண்டி முன்பை விட அதிகம் சூடாகலாம். அதிகாலையிலோ சூடேறவே நேரமெடுக்கும், டீசல் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும்.

கேள்வி (வாசகர், இராமநாதபுரம்): வாட்டர் பம்ப் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடி சொட்டுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பம்ப் மட்டமான சரக்கா?

பதில்: சரக்கைச் சந்தேகிப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. அதிலிருந்து உதிரும் தூளும் துருவும் சீலின் முகத்துக்கு நடுவே போய் அரைக்கின்றன. உள்ளே அப்படியே விட்டுப் புதிது புதிதாகப் பம்ப் மாட்டினால் எந்தப் பம்ப்பும் நிற்காது. முதலில் ரேடியேட்டரையும் பிளாக்கையும் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஏற்கனவே கலந்து வரும் கூலன்ட் என்றால் அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம், டப்பாவில் எழுதியிருக்கும்.

கூலன்ட் எதற்கு, இங்கே என்ன உறைபனியா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துகளுக்காகத்தான் நமக்கு அது வேண்டும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

பெல்ட் இழுப்பையும் பார்த்துவிடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கிய பெல்ட் பம்ப் பேரிங்கை ஒரு பக்கமாகவே இழுத்துத் தின்றுவிடும். சாதாரண வி-பெல்ட் என்றால் இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது 10 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். தானாக இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இருந்தால் அதன் உருளையைச் சுற்றிப் பாருங்கள், சத்தம் வந்தால் மாற்றுங்கள்.

கேள்வி (வாசகர், தேனி): வழியில் ஊசி சிவப்புக்குப் போய்விட்டால் உடனே என்ன செய்வது?

பதில்: ஓரம் கட்டுங்கள். தண்ணீர் கொட்டியிருந்தாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அடுத்த ஊர் வரை என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளையும், அதன் பேக்கிங் அடிக்கும். திடீரென்று ஊசி கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று கிளம்பாதீர்கள். சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூட உள்ளே தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். மேல் ஹோஸைக் கை வைத்துப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான், ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பின் நிரப்பி, ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வருகிறதா, ஆயில் குச்சியில் மோர் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.