பெயரே புரியும்போது வரையறை எதற்கு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நான்கு குழுக்களின் தரவை இணைக்க ஒரு பொது ஆன்டாலஜி உருவாக்கியிருக்கிறீர்கள்; அதாவது, என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்று கணினிக்குப் புரியும்படி சொல்லும் சொல்தொகுதி. வகுப்புகள் எனப்படும் பொருள்வகைகளும் உறவுகளும் தயார். பெயர்களைப் பார்த்தாலே பொருள் புரிகிறது. அப்படியிருக்க ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து வரையறை எழுதத்தான் வேண்டுமா?

வேண்டும். அதுவும், பார்த்தவுடன் புரிகிற பெயர்களுக்குத்தான் முதலில் வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்டதால் இதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாக்கும் வேலையில் இருந்தேன். ‘கடன் வகை’ என்ற சொல்லுக்காக நாள்கணக்கில் வாதாடினோம். ‘நூல்’ என்ற வகுப்பைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. நூல் என்றால் என்னவென்று யாருக்குத் தெரியாது? ஆனால் ஒரு நூலகம் தலைப்புக்கு ஒரு பதிவு வைத்திருந்தது. மற்றது அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பதிவு வைத்திருந்தது. இரண்டு பக்கமும் அதை ‘நூல்’ என்றே அழைத்தது. நூல்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண் ஒத்துப்போன பதிவுகளை எல்லாம் ‘இவை ஒரே பொருள்’ என்று இணைத்துவிட்டோம். அதன் பிறகு, ஒரு படியை யாராவது எடுத்துப்போனால் மிச்சப் படிகளும் வெளியே போய்விட்டதாகக் காட்டியது.

இதைவிட மோசமானது அலமாரி விஷயம். ஒரு நூல் ஓர் அலமாரியில்தான் இருக்க முடியும் என்று விதி எழுதியிருந்தோம். ஒரே தலைப்பின் மூன்று படிகள் மூன்று அலமாரிகளில் இருந்தன. விதிகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரலான ரீசனர் பிழை காட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அது பிழை காட்டவில்லை. அந்த மூன்று அலமாரிகளும் உண்மையில் ஒரே அலமாரிதான் என்று முடிவு கட்டியது. பெயர் வேறாக இருந்தால் பொருளும் வேறாகத்தான் இருக்கும் என்று, ஆன்டாலஜிகளை எழுதப் பயன்படும் ஓ.டபிள்யூ.எல். மொழி எடுத்துக்கொள்வதில்லை. வேறு வேறு என்று நாம்தான் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. தர்க்கத்தின்படி ரீசனர் செய்ததில் தவறே இல்லை. நாங்கள் கொடுத்த சொல்லில்தான் இரண்டு பொருள் கலந்திருந்தது.

‘இந்த நூலை அவர் எழுதினார்.’ ‘இந்த நூலில் பத்தாம் பக்கம் கிழிந்திருக்கிறது.’ இரண்டும் நல்ல தமிழ் வாக்கியங்கள். ஆனால் அவர் எழுதியது ஒன்று, கிழிந்தது வேறொன்று. அன்றாடப் பேச்சில் கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். கணினிக்கும், நம்மைச் சந்திக்காமல் நம் ஆவணத்தை மட்டும் படிக்கிற இன்னொரு குழுவுக்கும் அந்த இடம் தெரியாது. நூலகத் துறை இந்தச் சிக்கலை முன்பே பார்த்துவிட்டது. பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 1998-இல் வெளியிட்ட மாதிரியில் படைப்பு, அதன் வெளிப்பாடு, வெளிவந்த பதிப்பு, கையில் இருக்கும் படி என்று நான்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் வரையறுத்திருக்கிறார்கள். அதை முதலிலேயே படித்திருந்தால் எங்களுக்குப் பல வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

எல்லைக்கோட்டில் நிற்கிற பொருள் ஒன்று வரும்வரை வரையறை இல்லாத சொல் நன்றாகவே வேலை செய்யும். ‘கோள்’ என்ற சொல்லும் அப்படித்தான் இருந்தது. 2005-இல் புளூட்டோவின் அளவை ஒத்த ஏரிஸ் என்ற விண்பொருள் பற்றிய அறிவிப்பு வந்ததும், இதையும் கோள் என்பதா வேண்டாமா என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போனது. அடுத்த ஆண்டு பிராகில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து வரையறையை முடிவு செய்தது. உங்கள் நான்கு குழுக்களின் தரவிலும் ஏரிஸ்கள் ஏற்கெனவே இருக்கும், இன்னும் யார் கண்ணிலும் படாமல்.

சரி, எப்படி எழுதுவது? ‘பயனர்: அமைப்பைப் பயன்படுத்துபவர்’ என்று எழுதினால் பெயரையே திருப்பிச் சொன்னதாகத்தான் ஆகும். இரவில் தானாக ஓடும் நிரல் ஒரு கணக்கு வைத்து உள்ளே வருகிறதே, அது பயனரா? பதிவு செய்துவிட்டு ஒருமுறைகூட வராதவர் பயனரா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தராத வாக்கியத்தை வரையறையாக ஏற்காதீர்கள். முதலில் அது எந்தப் பெரிய வகையைச் சேர்ந்தது என்று சொல்லுங்கள். அடுத்து, அந்த வகையில் உள்ள மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று சொல்லுங்கள். உயிரியல் ஆன்டாலஜிகள் பலவற்றில் இந்த வடிவம்தான் வழக்கம். ‘இன்னதல்லாதது’ என்று முடிக்காதீர்கள். இலக்கணத்தில் உயர்திணை அல்லாதது அஃறிணை என்றால் செல்லும், ஏனென்றால் அங்கே எல்லாப் பொருளையும் இரண்டே கூறாகப் பிரிக்கிறோம். உங்கள் தரவுக்கு நாளைக்கே மூன்றாவது கூறு வரலாம்.

வரையறைக்குக் கீழே சேரும் உதாரணம் ஒன்றும், சேர்வது போலத் தோன்றிச் சேராத உதாரணம் ஒன்றும் எழுதுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது உதாரணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். சொல்தொகுதிகளைக் கணினிக்கு ஏற்ப வெளியிடுவதற்கான எஸ்.கே.ஓ.எஸ். தரத்தில் வரையறைக்கும் உதாரணத்துக்கும் பயன்பாட்டு எல்லைக் குறிப்புக்கும் தனித்தனி இடம் உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். பல மொழிகளில் பெயர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வரையறை இல்லாமல் முடியவே முடியாது. ‘வால்யூம்’ என்று மட்டும் கொடுத்தால் மொழிபெயர்ப்பவர் கன அளவு என்பாரா, ஒலியளவு என்பாரா, தொகுதி என்பாரா?

பின்னாளில் பொருளை மாற்ற நேர்ந்தால் பழைய அடையாள எண்ணிலேயே புதிய வரையறையை எழுதிவிடாதீர்கள். அந்த எண்ணை நம்பிச் சேர்த்த பழைய தரவெல்லாம் சத்தமில்லாமல் வேறு பொருளுக்கு மாறிவிடும். மரபணுக்களின் செயல்பாடுகளை விவரிக்கும் ஜீன் ஆன்டாலஜியில் இப்படிப் பொருள் மாறினால் பழைய சொல்லை ‘வழக்கொழிந்தது’ என்று குறித்துவிட்டு, புதியதற்குப் புதிய எண் கொடுக்கிறார்கள். பழைய எண்ணை அழிப்பதும் இல்லை, வேறொன்றுக்கு மறுபடி தருவதும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எழுத முடியாது என்றால், அதிக உறவுகள் வந்து சேர்கிற இருபது சொற்களை எடுங்கள். குறிப்பாக, உங்கள் கூட்டங்களில் யாருமே விவாதிக்காமல் கடந்துபோன சொற்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதி, உங்கள் தரவிலிருந்தே குழப்பமான பத்துப் பதிவுகளைச் சேர்த்து, வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். எது சேரும், எது சேராது என்று அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் குறிக்கட்டும். விடைகள் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே வரையறையைத் திருத்திவிட்டு வேறு இருவரிடம் கொடுங்கள்.